முட்டுக்கட்டையும் கதைமுடிவும்
1982 சர்வசன வாக்கெடுப்பை முன்னிறுத்தி மலையகப் புனைகதை பற்றிய ஒரு நோக்கு

1

மலையக இலக்கியம் பற்றிய ஆய்வுகளில் 1983 சூலை ஓர் எல்லைக்கல்லாக வழங்கிவருகிறது. சூலைக்கு முன், சூலைக்குப் பின் என்று படைப்புகளைப் பகுத்து நோக்குவது நமது திறனாய்வின் வழக்காறாகிவிட்டது. இப்பகுப்பில் உண்மை உண்டு. எனினும் எந்த எல்லைக்கல்லும் அதற்கு முன்னுள்ள வழியை மறைத்துவிடும் இயல்பினது. சூலைக்கு ஏழு மாதங்களுக்கு முன்னர், 1982 டிசம்பர் 22ஆம் நாள், இலங்கை தன் வரலாற்றின் ஒரேயொரு தேசிய சர்வசன வாக்கெடுப்பைக் கண்டது. அவ்வாக்கெடுப்பையும் அதன் பின் விளைந்த அரசியல் முட்டுக்கட்டையையும் நமது புனைகதைத் திறனாய்வு போதிய அளவு கணக்கில் எடுத்ததில்லை.

இக்கட்டுரை இரண்டு வினாக்களை இணைத்து நோக்க முயல்கிறது. மக்கள் ஏறத்தாழ இரு கூறாகப் பிரிந்து வாக்களித்த பின் எழும் முட்டுக்கட்டை எவ்வாறு தீரும் என்பது ஒன்று. அத்தகைய முட்டுக்கட்டையைக் கதைப்பொருளாகக் கொள்ளும் எழுத்தாளன் தன் கதையை எவ்வாறு முடிக்கிறான் என்பது மற்றையது. முன்னது அரசியல், பின்னது அழகியல் என்று இவற்றை வேறுபடுத்திவிடலாம் என்று தோன்றக்கூடும். ஆனால் முரண்பாடு எதனால் தீர்க்கப்படும் என்பது பற்றிய கருத்துநிலை இல்லாமல் எக்கதையும் முடிவதில்லை. ஆதலின் இரண்டும் ஒரே வினாவின் இரு தோற்றங்கள் எனலாம்.

2

முதற்கண் வரலாற்றுச் செய்திகளைச் சுருக்கமாக நினைவுகூர்வது அவசியம். 1977 சூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளைப் பெற்றது; ஆனால் தொகுதிவாரி முறை அதற்கு 168 ஆசனங்களில் 140ஐ, அதாவது ஆறில் ஐந்து பங்கை, வழங்கியது. 1982 அக்டோபர் 20ஆம் நாள் நிகழ்ந்த சனாதிபதித் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்தனா 52.91 சதவீதம் பெற்று வென்றார். பிரதான எதிரணித் தலைவியான சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் 1980இலேயே பறிக்கப்பட்டிருந்தன. அடுத்து வரவேண்டியது பொதுத்தேர்தல். அது விகிதாசார முறைப்படி நிகழுமாயின் ஆறில் ஐந்து பங்கு நிலைத்திராது என்பது வெளிப்படை. எனவே 1977ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தின் ஆயுளை 1989 ஆகஸ்டு வரை நீடிக்கும் நான்காவது திருத்தம் முன்வைக்கப்பட்டது. பாராளுமன்றம் அதனை 142க்கு 4 என்ற கணக்கில் ஏற்றது. உயர்நீதிமன்றமோ 4க்கு 3 எனப் பிளவுண்டே வழிவிட்டது. அரசியலமைப்பின் 83ஆம் உறுப்புரை இத்தகைய நீடிப்புக்கு மக்களின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியிருந்தமையாலேயே வாக்கெடுப்பு நிகழ்ந்தது.

ஆம் என்பதற்கு விளக்கு. இல்லை என்பதற்குக் குடம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. கம்யூனிஸ்டுக் கட்சியின் ‘அத்த’ நாளேட்டின் அச்சகம் முத்திரையிடப்பட்டிருந்தது. எதிரணிச் செயற்பாட்டாளர் பலர் தடுப்புக்காவலில் இருந்தனர். இந்நிலையிலும் விளக்குக்கு 31,41,223 வாக்குகளும் குடத்துக்கு 26,05,983 வாக்குகளும் கிடைத்தன. முறையே 54.66 சதவீதமும் 45.34 சதவீதமும் ஆகும். வேறுபாடு 5,35,240. யாழ்ப்பாண மாவட்டம் மிகப்பெரும்பான்மையாகக் குடத்தின் பக்கம் நின்றது.

இதன் விளைவு யாது? பதிவான வாக்குகளில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கினரின் மறுப்பு எந்த அவையிலும் உருவம் பெறவில்லை. வென்ற தரப்பு ஆறில் ஐந்து பங்கைத் தக்கவைத்துக்கொண்டது. வாக்கெடுப்பிற் பின்னடைந்த தொகுதிகளை மனங்கொண்டு 1983 மே மாதத்தில் 18 இடைத்தேர்தல்கள் நடத்தப்பட்டன. அவற்றுள் 14இல் ஆளுங்கட்சியே வென்றது. ஆட்சியாளர் இதனைச் சிக்கலின் தீர்வு என்று கருதியிருக்கலாம். ஆனால் தேர்தற்பாதை அடைபட்ட எதிர்ப்பு மறைந்துவிடவில்லை. சூலையில் தமிழர் மீதான வன்செயல். சூலை 30இல் மக்கள் விடுதலை முன்னணி, கம்யூனிஸ்டுக் கட்சி, நவ சமசமாசக் கட்சி ஆகியவற்றின் மீதான தடை. ஆகஸ்டில் ஆறாவது திருத்தம். அதன்வழித் தமிழர் விடுதலைக் கூட்டணியினரின் ஆசன இழப்பு. ஓராண்டு முடியுமுன்னரே வடக்கின் மறுப்பும் தெற்கின் மறுப்பும் பாராளுமன்றத்துக்கு வெளியே தள்ளப்பட்டன. வாக்கெடுப்பு முட்டுக்கட்டையைத் தீர்க்கவில்லை; அதனைச் சட்டமாக்கியது.

இவ்விடத்து இடதுசாரி இயக்கத்தின் பங்கையும் மறைத்தல் ஆகாது. 1970இல் தெரிவான ஐக்கிய முன்னணிப் பாராளுமன்றம், 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வாயிலாகத் தன் காலத்தை 1977 வரை நீடித்துக்கொண்டது. சமசமாசக் கட்சியும் கம்யூனிஸ்டுக் கட்சியும் அவ்வரசில் அங்கம் வகித்தன. அன்று அதனைக் கண்டித்து 1975இல் தன் ஆசனத்தைத் துறந்து இடைத்தேர்தலைச் சந்தித்தவர் ஜயவர்தனாவே. ஏழாண்டுகளின் பின் அவரே அவ்வாயுதத்தைக் கூர்தீட்டி எடுத்தார். தத்துவத் தெளிவு உடையோர் எனக் கருதப்பட்டோரின் சந்தர்ப்பவாதம் எதிரிக்கு முன்னுதாரணம் ஆகும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டியதில்லை.

3

விளக்கு, குடம் ஆகிய இரண்டுக்கும் புறத்தே நின்ற ஒரு தொகுதியினர் இருந்தனர். பசறை, நமுனுகுல, ஹாலி-எல, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை எனப் பதுளை மாவட்டத்தில் விரிந்தும், மொனராகலையின் மலையடிவாரத்தில் வெல்லஸ்ஸ விவசாயக் கிராமங்களை ஒட்டிச் சிதறியும் கிடந்த தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தோரில் ஒரு பெரும் பகுதியினர் அன்று நாடற்றோர் அல்லது இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுச் சட்டங்களும் அவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையாவையும் தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அடுத்த தேர்தலில் வாக்காளராகவே இருக்கவில்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டோரிடம் எவரும் ‘ஆம், இல்லை’ கேட்கவில்லை.

இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட தொகையும் 1982ஆம் ஆண்டின் வாக்கு வேறுபாடும் ஏறக்குறைய ஒன்றாக அமைவது கவனத்துக்குரியது. இதிலிருந்து இம்மக்களுக்கு வாக்கிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று கூறுதல் பொருந்தாது. 5,25,000 என்பது குழந்தைகளையும் உள்ளடக்கிய தொகை, மேலும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைமை அன்று அரசாங்கத்தில் இருந்தது, தொண்டமான் அமைச்சராயிருந்தார். நாம் உணரவேண்டியது வேறு. ‘மக்கள்’ என்ற சொல் வாக்குச்சீட்டில் எழுதப்படும்போது அதன் எல்லை முன்கூட்டியே வரையப்பட்டுவிடுகிறது. எண்ணிக்கைக்கு முந்திய இவ்வெல்லை வகுப்பே வர்க்க அரசியலின் செயற்களம். பெரட்டுக்களத்தில் நாள்தோறும் பேர் கூப்பிட்டு எண்ணப்பட்டவர்கள், நாட்டின் தலைவிதியை எண்ணிய நாளில் எண்ணப்படவில்லை.

மலையக இலக்கியம் தோற்றகாலந்தொட்டே இவ்வெல்லை பற்றிய இலக்கியமாக இருந்துள்ளது. கோ. நடேசய்யரின் இதழியலும், 1940இல் மீனாட்சி அம்மை வெளியிட்ட பாடல்களும் உரிமைக் கோரிக்கையையே பொருளாகக் கொண்டவை. சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ என்ற தலைப்பு ஒரு தனிமனிதனின் நிலையையும் ஒரு சமூகத்தின் சட்ட நிலையையும் ஒருங்கே சுட்டுகிறது. பாரதியின் பாட்டொலியைத் தாங்கிய ‘நாமிருக்கும் நாடே’ என்ற தலைப்பைத் தன் சிறுகதைத் தொகுதிக்கு 1979இல் சூட்டிய தெளிவத்தை ஜோசப், அவ்வொலியை வினாவாக மாற்றிவிடுகிறார். சுதந்திரக் களிப்பிற் பிறந்த சொற்கள் நாடற்றோர் நாவில் வேறு பொருள் பெறுகின்றன.

4

தெளிவத்தை ஜோசப் (1934-2022) ஊவா மண்ணின் படைப்பாளி. பதுளைக்கு அண்மையிலுள்ள தோட்டத்தின் பெயரையே தன் பெயரின் பகுதியாக்கிக்கொண்டவர். அவரது ‘மீன்கள்’ என்ற சிறுகதை நமது விவாதத்துக்குப் பெரிதும் துணைபுரிகிறது. வளர்ந்த பெண்பிள்ளையும் பெற்றோரும் ஒரே காம்பிராவில் படுத்துறங்க வேண்டிய நெருக்கடியும், இருளில் நேர்ந்துவிடும் தடுமாற்றமும், அதன்பின் அக்குடும்பத்தில் கவியும் வெட்கமும் கதைப்பொருள். ஒழுக்கவாத எழுத்தாளன் கையில் இது குடியின் தீமை பற்றிய உபதேசமாக முடிந்திருக்கும். ஜோசப் அவ்வாறு செய்யவில்லை. குற்றத்தின் ஊற்றுக்கண் மனிதனிடத்தில் இல்லை, அந்த அறையின் அளவில் உள்ளது என்பதைக் கதையமைப்பே உணர்த்துகிறது. அவன் நல்லவனா கெட்டவனா என்ற வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூறமுடியாதபடி, அவ்வினாவே தவறானது என்று காட்டுகிறது. சிறந்த யதார்த்தவாதப் படைப்பின் பணி இதுவே. தரப்பட்ட வினாவுக்கு விடை தேடாது, அவ்வினாவைத் தோற்றுவித்த நிலைமையை அது வெளிக்கொணர்கிறது.

இவ்வளவுகோலைக் கொண்டு சூலை பற்றிய புனைகதைகளை நோக்கும்போது ஒரு பொதுக்குறை புலப்படுகிறது. அப்பொருளில் எழுந்த கதைகள் பலவற்றில் வன்செயல் காட்டுத்தீ போலவும் சூறாவளி போலவும் வந்துசேர்கிறது. காரணம் அற்ற இயற்கைச் சீற்றமாக அது சித்திரிக்கப்படுவதால், அதற்கான தீர்வும் அரசியலுக்குப் புறம்பான ஒன்றாகவே அமைய வேண்டியதாகிறது. அவ்வாறு அமைவதே ‘நல்ல சிங்கள அயலவர்’ என்ற பாத்திரம். தாக்க வருவோரிடமிருந்து ஒரு குடும்பத்தைத் தன் வீட்டில் மறைத்துவைத்துக் காக்கும் இம்மனிதர் கற்பனைப் பாத்திரம் அல்லர். பதுளையிலும் ஏனைய நகரங்களிலும் அத்தகையோர் மெய்யாகவே இருந்தனர். அவர்களாற் காக்கப்பட்டோர் பலர். அவர்களை இலக்கியத்தில் நிலைநிறுத்துவது கடமையுமாகும். ஆயின் அவரது அன்பே கதையின் முடிவாகும்போது, ஒரு சமூக முரண்பாடு ஒரு தனிமனிதப் பண்பினால் தீர்க்கப்பட்டதாகத் தோற்றம் அளிக்கிறது. அயலவர் நல்லவராக இல்லாத லயங்களின் கதி என்ன என்று அக்கதை கேட்பதில்லை. உயிர் பிழைத்தவர் மறுநாள் எந்த அவையில் போய்ப் பேசுவார் என்றும் கேட்பதில்லை.

இக்குறைக்குத் திறனாய்வும் பொறுப்பேற்க வேண்டும். மார்க்சியத் திறனாய்வின் முன்னோடியான க. கைலாசபதி 1982 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். வாக்கெடுப்புக்குப் பதினாறு நாட்கள் இருந்தன. அவர் வகுத்துச் சென்ற சமூகவியல் நோக்கைக் கையேற்றோர் சூலையின் பின் தேசிய இனப்பிரச்சினையை ஆழமாக விவாதித்தனர். அது பெரும் பேறு. எனினும் ‘இனம்’ என்ற வகைப்பாடு முன்வந்தபோது, டிசம்பரில் பேச்சுரிமை இழந்த சிங்கள விவசாயியும் தொழிலாளியும் பார்வையினின்று மறைந்தனர். எஞ்சியது முகமற்ற கும்பலும் அதனின்று விலகிநின்ற ஒரு நல்லவருமே. தெளிவத்தை ஜோசப் தனது நாவலொன்றுக்கு ‘நாங்கள் பாவிகளாக இருக்கிறோம் அல்லது 1983’ என்று பெயரிட்டார். ஒரு கூட்டுக் குற்றவுணர்வையும் ஓர் ஆண்டையும் ‘அல்லது’ என்ற சொல்லால் இணைக்கும் அத்தலைப்பு, ஆண்டினையே விசாரணைக்கு உட்படுத்துமாறு வாசகனை அழைக்கிறது. அவ்விசாரணையை முந்திய டிசம்பர் வரை கொண்டுசெல்வது திறனாய்வாளன் பொறுப்பு.

5

மொனராகலை மாவட்டம் இதற்குத் தக்க நிலைக்களன். 1818ஆம் ஆண்டு ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சியின் பின் குடியேற்ற அரசினால் பாழ்படுத்தப்பட்ட மண் அது. சேனைப்பயிரை நம்பி வாழ்ந்த வறிய விவசாயிகளின் பிரதேசம். 1971 ஏப்ரல் 5ஆம் நாள் கிளர்ச்சியின் முதல் தாக்குதல் நிகழ்ந்தது அம்மாவட்டத்தின் வெல்லவாயப் பொலிஸ் நிலையத்தில்தான். அக்கிராம இளைஞனுக்கும் மேலே மலைச்சரிவில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கும் பொதுவான எதிரி இருந்தான். ஆனால் மக்கள் விடுதலை முன்னணியின் ஐந்து வகுப்புகளுள் ஒன்றான ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ தொழிலாளியை அந்நியச் சக்தியின் கருவியாக அவனுக்கு அறிமுகப்படுத்தியது. 1983இல் அவ்வியக்கம் தடைசெய்யப்பட்டுத் தலைமறைவானதும், 1987 முதல் 1989 வரை தெற்கெங்கும் இரத்தம் பெருகியதும் நாம் அறிந்தவை. ஆக, டிசம்பரில் அடைக்கப்பட்ட கதவின் இருபுறமும் ஊவாவின் மக்களே வீழ்ந்துபட்டனர். இவ்விரு துயரங்களையும் ஒரே கதைக்குள் கொணரும் நாவல் எழுதப்படுமாயின் அது சூலையின் தன்மையையே நமக்குப் புதிதாக விளக்கும்.

முட்டுக்கட்டை தீர வழியுண்டா என்ற வினாவுக்கு ஊவாவின் வரலாறே ஒரு குறிப்பை வைத்துள்ளது. 1940இல் பதுளைக்கு அருகிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் சமசமாசக் கட்சியினரின் வழிகாட்டலில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் போது தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தெரிவுசெய்தனர். தோட்டத்துரை அக்குழுவைக் கலந்தே செயற்பட இசைய வேண்டியதாயிற்று. சில வாரங்களிற் கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர், அம்முயற்சி நீடிக்கவில்லை. ஆனாலும் அதன் உள்ளடக்கம் மனங்கொளத்தக்கது. மேலிருந்து தரப்பட்ட வினாவுக்குத் தலையசைப்பதற்குப் பதிலாக, வினாவை உருவாக்கும் இடத்தில் தொழிலாளர் அமர்ந்தனர். நாடற்றோர் பிரச்சினை தீர்ந்த முறையும் இதற்கு அணித்தானது. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் ஆண் பெண் இருபாலார்க்கும் சமமான நாட்சம்பளத்தைப் பெற்றுத்தந்தது. 1986 சனவரியில் தோட்டங்களில் நிகழ்ந்த பிரார்த்தனை இயக்கம், பெயரிற் பிரார்த்தனையாயினும் செயலில் வேலை மறுப்பே. அதன் அழுத்தத்தின் கீழ் 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. வாக்கில்லாதோர் வாக்கினைப் பெற்றது வாக்கெடுப்பினால் அன்று; உற்பத்தியில் தமக்கிருந்த இடத்தைப் பயன்படுத்திப் பேரம் பேசியதனால். அரசியற் கணக்குகளும் இந்திய அரசின் நிலைப்பாடும் துணைநின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை.

பிறநாட்டு அனுபவமும் ஒப்புநோக்கத்தக்கது. சிலி நாட்டில் 1988 அக்டோபர் 5ஆம் நாள், பினோசேயின் ஆட்சியை எட்டாண்டுகள் நீடிப்பதா என்று கேட்கப்பட்டபோது ஏறத்தாழ 56 சதவீதத்தினர் ‘இல்லை’ என்றனர். 44 சதவீதத்தினர் ‘ஆம்’ என்றனர். இலங்கையின் விகிதத்தைத் தலைகீழாகப் பார்ப்பது போன்றது அது. அதன்பின் ஆட்சியும் எதிரணியும் பேச்சுவார்த்தை நடத்தி ஐம்பதுக்கு மேற்பட்ட அரசியலமைப்புத் திருத்தங்களை உடன்பட்டு, 1989 சூலையில் மீண்டும் மக்கள் முன் வைத்தன. முட்டுக்கட்டை இரத்தக்களரியாகாமல் தவிர்ந்தது. ஆயினும் பினோசே 1998 வரை இராணுவத் தளபதியாக நீடித்தார். அவர் காலத்துப் பொருளாதார அமைப்பு பெரிதும் மாறாதிருந்தது. தோற்றவரோடு பேசுவது இன்றியமையாதது. யாருடைய நலன்களை விட்டுக்கொடுத்துப் பேசுகிறோம் என்பதும் அதேயளவு முக்கியமானது. இலங்கையில் 1984ஆம் ஆண்டின் சர்வகட்சி மாநாடு காலந்தாழ்ந்து கூடி, பயனின்றிக் கலைந்தது. 1987 சூலையில் கைச்சாத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம் கிழக்கு மாகாணத்துக்கென ஒரு வாக்கெடுப்பை வாக்களித்தது. அது ஒருபோதும் நடைபெறவில்லை. நடத்தக்கூடாத வாக்கெடுப்பை நடத்தியதும், நடத்துவதாகக் கூறியதை நடத்தாததும் ஒரே அரசியலின் இரு முகங்கள்.

6

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபு இது: நெருங்கிய வாக்கெடுப்பின் பின் தோன்றும் முட்டுக்கட்டை, வாக்கு வேறுபாட்டின் சிறுமையினால் விளைவதன்று. தோற்றவரும் எண்ணப்படாதவரும் தொடர்ந்து பேசுவதற்கு ஓர் இடம் இல்லாதொழியும்போதே அது விளைகிறது. ஆதலின் அவ்விடத்தை மீட்பதே தீர்வின் தொடக்கம். அடுத்த வினாவை வகுக்கும் உரிமை அவர்களுக்கும் உரியதாகும்போது, சிறிய பெரும்பான்மைகூடப் பொறுத்துக்கொள்ளத்தக்கதாகிறது.

இது பழங்கதை அன்று. 83ஆம் உறுப்புரை இன்றும் உயிரோடிருக்கிறது. இலங்கையின் ஒற்றையாட்சித் தன்மையை மாற்றும் எந்த அதிகாரப் பகிர்வும் மூன்றில் இரண்டு பங்கோடு மக்கள் தீர்ப்பையும் கடந்தாக வேண்டும். அந்நாள் வருமாயின், அதற்கு முன்னரே மொனராகலையின் விவசாயியும் பதுளையின் கொழுந்து பறிக்கும் பெண்ணும் யாழ்ப்பாணத்து மீனவனும் வினாவை வகுப்பதிற் கலந்துகொண்டிருக்கவேண்டும். அன்றேல் மீண்டும் இரு சின்னங்களும் ஒரு வேறுபாட்டு எண்ணுமே எஞ்சும்.

இலக்கியத்துக்கு இதிற் பங்குண்டு. வாக்குச்சீட்டில் இரண்டு விடைகளுக்கே இடமுண்டு, நாவலில் அவ்வாறன்று. ஒருவர் விளக்குக்கு வாக்களித்த காரணத்தையும், அவரது அயலவர் குடத்துக்கு வாக்களித்த காரணத்தையும், அவ்விருவருக்கும் தேநீர் தந்த கைகளுக்கு வாக்கில்லாத காரணத்தையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து ஆராய நாவலாசிரியனுக்கு இயலும். நமது படைப்பாளர் சூலையின் தீயைப் போதுமான அளவு எழுதிவிட்டனர். டிசம்பரின் சீட்டை இனி எழுத வேண்டும். அவ்வெழுத்து வரும்போது, அதன் முடிவில் யார் காப்பாற்றப்பட்டார் என்பதோடு நில்லாது, யார் பேச இடம்பெற்றார் என்றும் கேட்பது திறனாய்வின் கடனாகும்.